வக்கீல் இளைத்துவிட்டார்

வக்கீல் இளைத்துவிட்டார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த தராசின் முள் அதைச் சொல்லிவிட்டு, இனி உன் பாடு என்பதுபோல் அசையாமல் நின்றது.

முத்திரைக்காரர் இடுக்கியால் எடைக்கற்களை எடுத்து, துடைத்து, மறுபடி வைத்துப் பார்த்தார். முள் தன் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. தராசின் மேல் பழி போடவும் வழியில்லை. ஊரிலுள்ள கடைத் தராசுகளையெல்லாம் சோதித்து முத்திரை போட்டு அனுப்பும் எடையளவு அலுவலகம் அது. அங்கே இருப்பவர்களிலேயே பொய் சொல்லத் தெரியாதது அந்தத் தராசு ஒன்றுதான். தங்கத்தூள் நிறுப்பதற்காக வாங்கியது. இப்போது அதில் வண்டு நிறுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வக்கீல் என்பது வண்டின் பெயர். கட்டைவிரல் நீளம், கன்னங்கரேல் என்ற உடம்பு, முதுகில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். கறுப்புக் கோட்டு மாட்டியதுபோல் இருந்ததால் அந்தப் பெயர். பக்கத்துப் பெட்டியில் இருந்தது ஜட்ஜ். அது இன்னும் கொஞ்சம் பெரிய உடம்பு, யாரையும் நிமிர்ந்து பார்க்காத சுபாவம். பூவுக்குப் பூ தாவித் தேன் குடிக்கும் வண்டுகள் இல்லை இவை. வேட்டை வண்டுகள். உயிரோடு ஓடுவதைத் துரத்திப் பிடித்து, தாடையால் கத்தரித்துத்தான் தின்னும். செத்ததைக் கொடுத்தால் திரும்பிப் படுத்துக்கொள்ளும். கோபம் வந்தால் பின்பக்கத்தைத் தூக்கி, எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்து எரிகிற திரவத்தைப் பீய்ச்சும்.

இவற்றை வளர்த்தவர் அலுவலகத்தின் மேலதிகாரி. பூச்சிகளை ஆராய்கிற நண்பர் யாரோ ஆசையாகக் கொடுத்தாராம். ஒன்று அதுகள் இந்த வீட்டில் இருக்க வேண்டும், இல்லை நான் இருக்க வேண்டும் என்று மனைவி சொல்லிவிட, அதிகாரி நிறைய யோசித்துவிட்டு வண்டுகளை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து தன் அறை ஜன்னலோரம் வைத்தார். மகளின் பிரசவத்துக்காக நீண்ட விடுப்பில் போனபோது இரண்டு பெட்டிகளையும் சாவியோடு முத்திரைக்காரரிடம் ஒப்படைத்தார். பிறக்கப்போகும் பேரப்பிள்ளையைப் பற்றிச் சொன்னதைவிட வண்டுகளைப் பற்றி அதிகம் சொன்னார்.

“ரெண்டையும் ஒரே பெட்டியில விட்டுடாதீங்க. ஒன்னுதான் மிஞ்சும். வாரா வாரம் எடை பாருங்க. இறங்கவே கூடாது.”

முத்திரைக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, தயங்கித் தயங்கித் தன் மாற்றல் மனுவை நினைவுபடுத்தினார்.

“அதுவா? நான் திரும்பி வரும்போது இதுங்க ரெண்டும் இப்படியே இருக்கட்டும். அப்புறம் உட்கார்ந்து பேசலாம்” என்றார் அதிகாரி.

முத்திரைக்காரருக்கு அது போதுமானதாக இருந்தது. ஒரு வருஷமாக யாரும் அவரிடம் உட்கார்ந்து பேசலாம் என்றுகூடச் சொன்னதில்லை.

அவர் கேட்டிருந்தது தீவுக் கிளைக்கு மாற்றல். அந்த அலுவலகத்தில் தீவு என்ற சொல்லைச் சத்தமாகச் சொன்னால் நாலு பேருக்குக் காய்ச்சல் வரும். படகில் போக வேண்டும், கடல் மனசு வைத்தால்தான் படகும் போகும். அங்கே போனவர்கள் உப்புக்காற்றில் தோல் உரிந்து திரும்பியதாகப் பேச்சு. அதனால் அங்கே ஓர் இடமாவது எப்போதும் காலி. ஆனால் முத்திரைக்காரரின் மனைவிக்கு அந்தத் தீவு ஆஸ்பத்திரியில்தான் நர்ஸ் வேலை. மகளும் அவளோடுதான். இவர் மட்டும் இங்கே ஒற்றை அறையில், ஒரு ஸ்டவ்வோடும் ஒரு வாளியோடும் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்.

இந்த ஆசையை அவர் மனுவைத் தாண்டி வெளியே மூச்சுவிடவில்லை. மனைவிக்கு வெளியூரில் வேலை என்பதோடு நிறுத்திக்கொண்டார். தானாகப் போய்த் தீவைக் கேட்கிறான் என்று தெரிந்தால், எங்கேயோ எதையோ செய்துவிட்டு ஒளிந்துகொள்ளப் பார்க்கிறான் என்று கதை கட்டிவிடுவார்கள்.

சாயங்காலம் சிக்னல் கிடைத்தால் மகளோடு பேசுவார். அவள் அவரை ‘போன் அப்பா’ என்பாள். பள்ளிக்கூடத்தில் வீட்டு மனிதர்களை வரையச் சொன்னபோது அம்மாவை வரைந்து, தன்னை வரைந்து, பக்கத்தில் ஒரு போனை வரைந்திருக்கிறாள். மனைவி அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இவரும் சிரித்தார். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. எதையாவது செய்து அந்தப் படத்துக்குள் போய்விட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வாழ்க்கையில் வேறு கோரிக்கையே இல்லை.

அதற்குக் குறுக்கே இப்போது வக்கீல் இளைத்து நின்றார்.

சாப்பாட்டு இடைவேளையில் வளர்ப்புப் பிராணிகள் விற்கும் கடைக்குப் போய் விசாரித்தார். கடைக்காரர் மீன்தொட்டி கழுவியபடியே கேட்டுவிட்டு, தினமும் என்ன கொடுக்கிறீர்கள் என்றார். மாவுப்புழு என்றார் இவர். உங்களுக்குத் தினமும் ஒரே சாப்பாடு போட்டால் சாப்பிடுவீர்களா என்று கடைக்காரர் திருப்பிக் கேட்டார். முத்திரைக்காரர் வருஷம் முழுக்க அப்படித்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பதால் அந்தக் கேள்வியின் நியாயம் அவருக்கு உடனே புரியவில்லை. கடைக்காரர் ஒரு டப்பா நிறையச் சுவர்க்கோழிப் பூச்சிகளைக் கொடுத்தார். துள்ளிக் குதிக்கும் இரை, வேட்டைக்காரனுக்குப் பசி தானாக வரும் என்றார்.

டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனதுதான் தப்பு. அலுவலகத்தில் தபால்களை அனுப்பும் டெஸ்பாட்ச் அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. மேஜைமேல் எந்த டப்பாவைக் கண்டாலும், இன்றைக்கு என்ன என்று திறந்து பார்ப்பார். இதையும் திறந்தார்.

இவர் திரும்பி வந்தபோது அக்கா நாற்காலிமேல் நின்றுகொண்டிருந்தார். சோதனைக் கூடம் முழுக்கச் சுவர்க்கோழிகள் தெறித்துக்கொண்டிருந்தன.

“சாப்பாடுன்னு நினைச்சேன்” என்றார் அக்கா.

“சாப்பாடுதான்கா” என்றார் முத்திரைக்காரர் களைப்போடு.

அன்றிலிருந்து சோதனைக் கூடத்தில் நிம்மதி போயிற்று. எடைக்கல் அலமாரிக்கு அடியிலிருந்தும் சுவர் இடுக்கிலிருந்தும் கிரீச் கிரீச் என்று ஓயாத கச்சேரி. சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். மாவு மில்காரர் கொண்டுவந்த தராசைச் சோதித்துக்கொண்டிருக்கும்போது ஒன்று தாவி வந்து தட்டில் உட்கார்ந்தது. முள் ஆடியது. உங்கள் தராசு சரியில்லை என்று முத்திரைக்காரர் சொல்ல, மில்காரர் குனிந்து பார்த்துவிட்டு, உங்கள் பூச்சி சரியில்லை என்றார். வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். இவர் கையால் விரட்டினார், துடைப்பத்தால் விரட்டினார், முட்டிபோட்டுத் தவழ்ந்து துணி போட்டுப் பிடித்தார். பிடித்தவை சொற்பம். பிடிக்கப் பிடிக்க இடுப்புதான் பிடித்துக்கொண்டது.

மருந்து அடிக்கலாமே என்றார் அக்கா. மருந்து தின்ற பூச்சியை வண்டு தின்றால் வண்டும் போய்விடும். அப்போதுதான் முத்திரைக்காரருக்கு அந்த யோசனை வந்தது. வேட்டைக்காரனை வைத்துக்கொண்டு நான் எதற்குத் தவழ்கிறேன் என்று நினைத்தார்.

அலுவலகம் முடிந்து எல்லோரும் போனதும் கதவிடுக்குகளில் துணியை அடைத்துவிட்டு ஜட்ஜைக் கூடத்தில் இறக்கிவிட்டார். ஜட்ஜ் ஒரு நிமிஷம் நின்று நிலைமையை ஆராய்ந்தார். பிறகு ஓடிய ஓட்டத்தை முத்திரைக்காரர் அந்த அலுவலகத்தில் யாரிடமும் பார்த்ததில்லை. அலமாரிக்கு அடியில் கச்சேரி ஒவ்வொன்றாக நின்றது. மிரண்டு வெளியே குதித்தவற்றை இவர் பிடித்து வக்கீலுக்குப் போட்டார். வக்கீலும் பிகு பண்ணாமல் சாப்பிட்டார். பிறகு ஒரு டம்ளரைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி, ஜட்ஜைப் பெட்டிக்குத் திருப்பினார்.

சில நாள் இப்படி நடந்தது. இருவருக்கும் எடை ஏறியது. முத்திரைக்காரர் மனைவியிடம், சீக்கிரம் வந்துவிடுவேன் என்று நினைக்கிறேன் என்றார். அவள், பீரோவில் உங்கள் துணிக்கு ஒரு தட்டு ஒதுக்கி வைக்கட்டுமா என்று கேட்டாள்.

மறுநாள் சாயங்காலம் இறக்கிவிட்ட ஜட்ஜ் திரும்பவில்லை.

முத்திரைக்காரர் அலமாரியை நகர்த்தினார், எடைக்கல் பெட்டிகளைத் திறந்தார், டார்ச் விளக்கோடு தரையில் படுத்துப் பார்த்தார். எங்கேயாவது வயிறு நிறைந்து தூங்கும், காலையில் பார்க்கலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார். காலையில் வந்தால் நகைக்கடைக்காரர் வாசலில் நிற்கிறார். அவருடைய தராசைச் சரிபார்ப்பதற்காக முந்தின நாள் அதன் அடிப்பெட்டியைத் திறந்துபோட்டிருந்தார்கள். தராசின் நெம்புகோல்கள் இருக்கும் மரப்பெட்டி அது. கடை திறக்க நேரமாகிறது என்று அவர் அவசரப்படுத்தினார். முத்திரைக்காரர் பாதி நினைவு தரையிலும் பாதி நினைவு தராசிலுமாகச் சோதித்தார். எல்லாம் சரியாக இருந்தது. அடிப்பெட்டியை மூடி, கம்பி கோத்து, ஈயத்தைக் குறடால் நசுக்கி அரசாங்க முத்திரை போட்டுக் கொடுத்தனுப்பினார்.

மதியம் அதிகாரி வீடியோவில் வந்தார். பேத்தி பிறந்திருக்கிறாள் என்றார். சந்தோஷம் சார் என்றார் இவர். சரி, ஜட்ஜைக் காட்டுங்கள் என்றார் அதிகாரி.

முத்திரைக்காரர் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். வக்கீலை எடுத்து ஜட்ஜின் பெட்டியில் விட்டார். போனை நிமிர்த்திக் காட்டினார்.

அதிகாரி திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தார்.

“என்னங்க இது, ஜட்ஜ் இப்படி இளைச்சுப் போயிட்டாரு?”

“போன்ல அப்படித் தெரியுது சார்.”

“தராசுல வைங்க. நான் பார்க்கணும்.”

வைத்தார். அந்தத் தராசுக்குப் பொய் சொல்லத் தெரியாது. வக்கீலின் எடையை வக்கீலின் எடையாகவே காட்டியது. அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பின்னால் பச்சைக்குழந்தை அழும் சத்தம் கேட்டது. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“நான் இன்னைக்கே கிளம்பறேன்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

முத்திரைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். நாளைக்கு அதிகாரி வந்து இரண்டு பெட்டியையும் பார்ப்பார். ஒன்றில் வக்கீல் இருக்கும். இன்னொன்றில் மணல் இருக்கும். பீரோவில் அவருக்காக ஒதுக்கிய தட்டு காலியாகவே இருக்கும். எழுந்து மறுபடி தேடக்கூட உடம்பில் தெம்பில்லை. டெஸ்பாட்ச் அக்கா தபால்களுக்குப் பசை தடவிக்கொண்டே, என்ன தொலைந்தது என்று கேட்டார். ஜட்ஜ் என்றார் இவர்.

“காலையில நகைக்கடைக்காரர் தராசைத் தூக்கும்போது உள்ள ஏதோ சுரண்டுற சத்தம் கேட்டுச்சு தம்பி. நீங்கதான் முத்திரை போட்டுட்டீங்களே, சரியாத்தான் இருக்கும்னு நான் ஒன்னும் சொல்லல.”

முத்திரைக்காரர் வீதியில் இறங்கி ஓடினார். ஓடுகிற வயசும் இல்லை, ஓடத் தோதான செருப்பும் இல்லை. ஒன்று வழியில் அறுந்தது. மற்றொன்றையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நகைக்கடைக்குள் நுழைந்தார்.

உள்ளே பெரிய கூட்டம் இல்லை. இருந்த கூட்டம் முழுவதும் தராசைச் சுற்றித்தான் நின்றது. ஒரு பெண்மணி தன் பழைய சங்கிலியை மாற்ற வந்திருந்தார். சங்கிலி தட்டில் இருந்தது. யாரும் தொடாமலேயே முள் மெதுவாக ஏறியது. பிறகு இறங்கியது. கொஞ்சம் நின்றது. திடீரென்று ஒரு உதறு உதறியது.

“இப்ப இருந்த எடை இப்ப இல்ல. என்ன விளையாட்டு இது?” என்றார் பெண்மணி.

நகைக்கடைக்காரர் வியர்த்துக்கொண்டிருந்தார். தராசின் அடியில் தொங்கிய ஈயத்தை விரலால் தட்டிக் காட்டி, இது அரசாங்க முத்திரை அம்மா, இன்று காலையில்தான் போட்டது என்று சத்தியம் செய்தார். அப்போது முத்திரை போட்ட ஆளே வெறுங்காலோடு வந்து நின்றதைப் பார்த்ததும், தெய்வத்தைக் கண்டதுபோல் அவர் முகம் மலர்ந்தது.

“சொல்லுங்க சார். இந்தத் தராசு சரியா இல்லையா?”

“காலையில சரியாத்தான் இருந்தது” என்றார் முத்திரைக்காரர். “மறுபடி சோதிக்கணும்.”

மலர்ந்த முகம் அப்படியே வாடிப்போயிற்று. காலையில் சரி என்றவர் மத்தியானம் வந்து சரியில்லை என்றால் என்ன அர்த்தம் என்று நகைக்கடைக்காரர் கேட்டார். வாடிக்கையாளர்கள் அர்த்தத்தைத் தாங்களாகவே எடுத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முத்திரைக்காரர் தன் கையால் போட்ட முத்திரையைத் தன் கையாலேயே வெட்டினார். இத்தனை வருஷ வேலையில் அவர் செய்யாத காரியம் அது. அடுத்தவர் செய்தால் இவரே பிடித்துக்கொடுத்திருப்பார்.

அடிப்பெட்டியின் மூடி திறந்தது. உள்ளே நெம்புகோலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஜட்ஜ் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அவரை ஆட்டியிருக்கிறார்கள், தூக்கியிருக்கிறார்கள், தலைக்குமேல் சங்கிலி சங்கிலியாக வைத்து எடுத்திருக்கிறார்கள். அவருடைய பொறுமையும் எல்லை தாண்டியிருந்தது. முத்திரைக்காரர் குனிந்ததும், மெதுவாகத் திரும்பி, பின்பக்கத்தைத் தூக்கினார்.

வலது கண்ணில் நெருப்பை வைத்ததுபோல் இருந்தது. முத்திரைக்காரர் அப்படியே கண்ணைப் பொத்திக்கொண்டார். ஜட்ஜ் மேஜையிலிருந்து கீழே விழுந்து ஓடத் தொடங்கினார். கூட்டம் அலறிக்கொண்டு சிதறியது. சங்கிலிக்காரப் பெண்மணி மட்டும் சிதறவில்லை. கனத்த சரீரம், கூர்மையான குதிகால் செருப்பு. அவர் காலைத் தூக்கினார்.

மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணால் முத்திரைக்காரர் அதைப் பார்த்தார். யோசிக்க நேரமில்லை. தரையில் விழுந்து, ஜட்ஜின்மேல் கையைக் குவித்து மூடினார். குதிகால் கையின்மேல் இறங்கியது. முத்திரைக் குறடு பிடிக்கிற வலது கை. அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் கை தளரும், கை தளர்ந்தால் ஜட்ஜ் ஓடிவிடும் என்பது மட்டும்தான் அவருக்கு நினைவிருந்தது.

“ஐயோ, கையை ஏங்க வச்சீங்க?” என்றார் பெண்மணி.

“பரவாயில்லைங்க” என்றார் முத்திரைக்காரர் தரையிலிருந்தபடியே. “காலைக் கொஞ்சம் எடுங்க.”

ஜட்ஜை மோதிரம் வைக்கும் வெல்வெட் பெட்டி ஒன்றில் அடைத்து எடுத்துக்கொண்டார். நகைக்கடைக்காரர் பெட்டியைக் கொடுத்தாரே தவிர, மன்னிக்கிற மனநிலையில் இல்லை. கடையின் மானமே போய்விட்டது, நாளைக்கு உங்கள் அதிகாரியை நேரில் பார்த்துச் சொல்கிறேன் என்றார். அதிகாரி நாளைக்குத்தான் வருகிறார் என்றார் முத்திரைக்காரர். அவருக்கே தன் நேரத்தை நினைத்து அலுப்பாக இருந்தது.

மறுநாள் காலை ஒரு கண்ணில் பஞ்சு, ஒரு கையில் கட்டோடு அலுவலகம் வந்தார். கூடத்தில் மிச்சம் மீதி இருந்த சுவர்க்கோழிகளை இடது கையால் பிடித்து இருவருக்கும் ஊட்டாத குறையாகக் கொடுத்தார். அதிகாரி பெட்டி படுக்கையோடு நேராக அலுவலகத்துக்கே வந்துவிட்டார். முத்திரைக்காரரின் கண்ணையோ கையையோ பார்க்கவில்லை. ஜன்னலோரம் போய், ஜட்ஜை அள்ளித் தராசில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முள் ஏறியது. விடுப்பில் போனபோது இருந்த எடையைத் தாண்டி நின்றது. வக்கீலும் அப்படித்தான்.

அதிகாரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. போனில் பார்த்துப் பயந்துபோனேன் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். முத்திரைக்காரர் இதுதான் சமயம் என்று தொண்டையைக் கனைத்தார். அதற்குள் நகைக்கடைக்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

அவர் ஒன்றுவிடாமல் சொன்னார். முத்திரைக்குள் வண்டை வைத்து அனுப்பியது, சங்கிலி எடை ஏறி இறங்கியது, இவர் வெறுங்காலோடு வந்து முத்திரையை வெட்டியது, வண்டு கண்ணில் பீய்ச்சியது எல்லாவற்றையும் சொன்னார். ஒரு பூச்சியை மிதிக்கப் போனால் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு மிதி வாங்குகிறார் சார், இப்படி ஒரு ஆளை வைத்திருக்கிறீர்களே என்று முடித்தார். முத்திரைக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். தீவு கண்முன்னாலேயே விலகிப் போய்க்கொண்டிருந்தது.

அதிகாரி எழுந்து வந்து, முதல் தடவையாக அவருடைய கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். நகைக்கடைக்காரரிடம் வேறு தராசே தருவதாகச் சொல்லிச் சமாதானப்படுத்தி அனுப்பினார். பிறகு கதவைச் சாத்தினார்.

“ஜட்ஜுக்காகக் கையைக் கொடுத்திருக்கீங்க.”

“சார், என்னோட அந்த மனு…”

“தெரியும். வழி முழுக்க அதைத்தான் நினைச்சிட்டு வந்தேன்.” அதிகாரி மேஜை இழுப்பறையிலிருந்து மனுவை எடுத்து இரண்டாகக் கிழித்தார். “யாரோ உங்க மனசைக் கலைச்சிருக்காங்க. உங்களை மாதிரி ஆளையா அந்தத் தீவுக்கு அனுப்புவேன்? எனக்கு மனசாட்சி இல்லையா? நான் ரிட்டையர் ஆகிற வரைக்கும் உங்களை இங்கேயிருந்து யாரும் அசைக்க முடியாது.”

முத்திரைக்காரர் மனைவியின் வேலையைப் பற்றிச் சொன்னார். மகளைப் பற்றியும் சொன்னார். அதிகாரி பரிவோடு கேட்டுவிட்டு, குடும்பம் என்றால் கொஞ்சம் தூரத்தில் இருப்பதுதான் நல்லது, இப்போது நான் பேத்தியை விட்டுவிட்டு வரவில்லையா என்றார். வண்டுப் பெட்டிகளின் சாவியை மறுபடியும் இவருடைய இடது கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார்.

முத்திரைக்காரர் வெளியே வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். சாயங்காலம் மகள் போனில் கேட்பாள். பீரோவில் இருக்கும் தட்டைப் பற்றி மனைவி கேட்கமாட்டாள், அதுதான் இன்னும் கஷ்டம். அழ வேண்டும் போல் இருந்தது. ஒரு கண்ணில் பஞ்சு இருந்ததால் அதையும் பாதிதான் செய்ய முடியும் என்று விட்டுவிட்டார்.

டெஸ்பாட்ச் அக்கா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் டம்ளரிலிருந்து பாதி டீயை இன்னொன்றில் ஊற்றி அவர் முன்னால் நகர்த்தினார். உள்ளே என்ன ஆயிற்று என்று கேட்டார். மாற்றல் இல்லையாம், இங்கேயேதானாம் என்றார் இவர்.

அக்கா நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டார்.

“தப்பிச்சீங்க தம்பி, உங்களுக்கு முன்னாடி இந்த சீட்ல இருந்தவரு சாரோட வண்டு ஒன்னைத் தெரியாம மிதிச்சுட்டாரு, அடுத்த படகுலயே அவரைத் தீவுக்கு ஏத்தி விட்டுட்டாரு.”